மழைக்காலத்திற் கோழிக்குஞ்சுகளின் குடல்நலம்

நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களில் லயத்தின் பின்புறத்தே, மரக்கறிப் பாத்தியை அடுத்துச் சிறு கோழிக்கூடு ஒன்று இருப்பது வழக்கம். முட்டை வீட்டுக்கு உதவும். எரு கரட், லீக்ஸ், கோவாப் பயிர்களுக்கு உதவும். ஆனால் வைகாசியில் தென்மேற் பருவமழை தொடங்கியதும், மூன்று முதல் ஆறு வாரம் வரை வயதுள்ள குஞ்சுகள் இறகைச் சிலிர்த்து ஒடுங்கி நிற்பதும், இரத்தங் கலந்து கழிவதும், ஓரிரு நாளில் மடிவதும் உண்டு. இதுவே இரத்தக் கழிச்சல் நோய். இதற்கு நன்னுயிரித் தூள் எந்த அளவுக்குத் துணைசெய்யும் என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். அறியாது வாங்கினாற் பணமும் போகும், குஞ்சும் போகும்.

நோய் பரவும் முறை

கொக்சிடியோசிஸ் எனவும் வழங்கும் இந்நோயை உண்டாக்குவது ஐமேரியா என்னும் ஒட்டுண்ணி. இது கண்ணுக்குப் புலப்படாதது. நோயுற்ற கோழியின் எச்சத்தில் இதன் நுண்முட்டைகள் வெளிவருகின்றன. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் அவை ஓரிரு நாட்களில் முதிர்ந்து, நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. அவற்றின் ஓடு தடித்தது. சாதாரண கிருமிநாசினிகளுக்கு அழியாது.

மலைநாட்டுக் குளிரில் இவை எவ்வாறு முதிரும் என்று சிலர் ஐயுறலாம். வெளியே குளிர்தான். ஆயினும் குளிருக்கு அஞ்சிக் கூட்டைச் சாக்கினால் முற்றாக மூடி, உள்ளே விளக்கு வைக்கும்போது, வெப்பமும் ஈரமும் ஒருங்கே அடைபட்டு விடுகின்றன. குஞ்சுகளைக் காக்கச் செய்த காரியமே நோய்க்கு இடமளிக்கின்றது.

நன்னுயிரி என்பது யாது?

புரோபயோட்டிக் எனக் கடைகளில் விற்கப்படும் தூளில் உயிருள்ள நல்ல பற்றீரியாக்கள் உள்ளன. தாய்க்கோழியுடன் திரியும் குஞ்சு, நிலத்தைக் கொத்தி இத்தகைய பற்றீரியாக்களைத் தானே பெறுகின்றது. பொரிப்பகத்திலிருந்து வாங்கப்படும் குஞ்சுக்கோ தாயின் தொடர்பு இல்லை. பின்லாந்தில் நுர்மி, ரன்தலா என்னும் ஆராய்ச்சியாளர், நலமுள்ள வளர்ந்த கோழியின் குடற்பொருளைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்கு ஊட்டினால், சல்மொனெல்லா என்னும் தீய பற்றீரியா அவற்றின் குடலிற் குடியேறுவது தடைப்படும் என 1973ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி 1 முதல், வளர்ச்சிக்காகப் பற்றீரியாக்கொல்லி மருந்துகளைத் தீவனத்திற் கலப்பதைத் தடைசெய்தது. அத்தகைய மருந்துகளுக்கு மாற்றாக நன்னுயிரிகள் இன்று பல நாடுகளிலும் பயன்படுகின்றன.

ஐமேரியா குடற்சுவரைப் புண்ணாக்கும்போது, அங்குள்ள தீய பற்றீரியாக்கள் பெருகி நோயை மிகைப்படுத்துகின்றன. நன்னுயிரிகள் அவற்றுக்கு இடங்கொடாது, குடல் தேறவும் துணைசெய்கின்றன. ஆனால் பயன் எல்லாத் தூளிலும் ஒரே அளவினதன்று. மேலும், நன்னுயிரி இரத்தக் கழிச்சலுக்கு மருந்தாகாது.

கைக்கொள்ள வேண்டியவை

1. கூட்டின் கீழ்ப்பகுதியைக் காற்றுப் புகாது மறைக்கவும். மேற்பகுதியில் நாற்புறமும் காற்றோட்டத்துக்கு இடம் விடவும். கரியடுப்பு வைப்பின் புகை வெளியேற வழி இருத்தல் வேண்டும்.

2. உமி அல்லது மரச்சீவலைத் தடிப்பாகப் பரப்பவும். கையிற் பிடித்தால் உருண்டையாகும் கூளம் ஈரமானது. அதனை உடனே அகற்றவும். நீர்ப்பாத்திரத்தைச் சுற்றிலும் நாள்தோறும் பார்க்கவும்.

3. நன்னுயிரித் தூளைக் குஞ்சு வந்த முதல் நாள் தொடக்கம், பொதியிற் குறித்த அளவில் கொடுக்கவும். சூடான தவிட்டுக் கஞ்சியிலோ குளோரின் கலந்த குழாய்நீரிலோ கலக்கலாகாது. தூளிலுள்ள உயிர்கள் மடியக்கூடும்.

4. பற்றீரியாவைக் கொல்லும் மருந்து கொடுக்கும் நாட்களில் இத்தூளாற் பயனில்லை. மருந்து முடிந்தபின் மீண்டும் தொடங்கவும்.

5. குஞ்சுகளையும் வளர்ந்த கோழிகளையும் வெவ்வேறாக வைக்கவும். நோய்க்குறி தோன்றாத கோழியின் எச்சத்திலும் ஐமேரியா இருத்தல் கூடும்.

6. அகற்றிய கூளத்தை மூடிக் குவித்து, நன்கு சூடேறி மக்கிய பின்னரே மரக்கறிப் பாத்திக்கு இடவும்.

எச்சத்தில் இரத்தங் கண்டால் தூளை நம்பிக் காத்திராமல் அன்றே மிருக வைத்தியரை நாடவேண்டும். புதிதாக இறந்த குஞ்சைப் பொலித்தீன் உறையிற் கட்டி எடுத்துச் சென்றால் நோயைத் துணிதல் எளிது. அவர் தரும் மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுத்து, இறைச்சியையும் முட்டையையும் எப்போது உண்ணலாம் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

உலர்ந்த கூளமே முதற் காப்பு. நன்னுயிரி அதற்குத் துணை. ஈரக்கூட்டில் இடும் தூள், ஓட்டைக் குடத்தில் வார்த்த நீரேயாகும்.