ஊசி ஏறிய கணக்கும் எதிர்ப்பு ஏறிய கணக்கும்

ஏற்காட்டு மலைக் கிராமங்களின் மாடுகளுக்கான கோமாரித் தடுப்பூசி, அடிவாரத்தைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. வெயில் பட்டாலும் கெடும். ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்தால் எண்ணெய் பிரிந்தும் கெடும். கெட்ட மருந்தையும் மாட்டுக்குப் போட்டு, காது வில்லையின் 12 இலக்க எண்ணுக்கு நேரே பதிவு செய்துவிடலாம். கணினியைப் பொறுத்தவரை அது காப்பாற்றப்பட்ட மாடு. 2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டம் ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று ஊசி போடச் சொல்கிறது. சுற்று முடிந்ததும் செய்தியாவது, எத்தனை மாடுகளுக்குப் போட்டோம் என்ற எண். அது உழைப்பைச் சொல்லும். பலன் என்ன என்று மாட்டின் ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் தடுப்பூசித் திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே 2013-ல் கோமாரி பரவி மாடுகள் செத்ததை மறந்துவிட முடியாது.

ரத்தத்தைக் கேட்கும் வழி திட்டத்திலேயே இருக்கிறது. ஊசி போடும் அன்று ஒரு முறை, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அதே மாட்டிடம் இன்னொரு முறை, கழுத்து நாளத்தில் ரத்தம் எடுத்து, உறையவிட்டு, தெளியும் சீரத்தை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, செயலிழந்த வைரஸோடு கலந்து எலைசா சோதனை நடக்கிறது. எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸைப் பிடித்துக்கொள்ளும், தட்டின் குழியில் நிறம் மங்கும். நிறம் கெட்டியாக ஏறினால் மாட்டிடம் காப்பு இல்லை. புதிதாகப் பார்ப்பவர் தலைகீழாகப் படித்துவிடுவார். இந்த வகைச் சோதனையில் சுமார் 64 மடங்கு நீர்த்த பிறகும் பிடி தளராத சீரத்தையே தேறியதாகக் கொள்வது நம் நாட்டு வழக்கம். தடுப்பூசியில் ஓ, ஏ, ஏசியா 1 என மூன்று வைரஸ் வகைகள் இருப்பதால் அளவும் மூன்று.

மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் சோதனையின் அருமை தெரியும். ஒரு குக்கிராமத்தில் மூன்றுமே ஏறவில்லை என்றால் சந்தேகம் முதலில் ஐஸ் பெட்டி மேலும் ஊசி போட்ட கை மேலும் போக வேண்டும். பல ஊர்களில் ஒரே வகை மட்டும் பின்தங்கினால் அந்த மருந்துத் தொகுதியைப் பார்க்க வேண்டும். பெரிய மாடுகள் தேறிக் கன்றுகள் மட்டும் தேறாவிட்டால், சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்பொருள் தடுப்பூசியை முடக்கியிருக்கலாம். அல்லது நாலு மாத வயதில் முதல் ஊசி போட்டுவிட்டு, அடுத்த மாதம் போட வேண்டிய ஊக்க ஊசியை விட்டிருக்கலாம். ஊசிக்கு முன்பே அளவு உயர்ந்திருந்தால் அது பழைய ஊசியின் மிச்சம், இல்லையேல் சத்தமில்லாமல் வந்துபோன நோய். இரண்டாம் ரத்தத்தை மட்டும் பார்ப்பவர் அந்தப் பெருமையையும் இந்தச் சுற்றுக்கே கொடுத்துவிடுவார்.

இந்தச் செலவில் இன்னும் பல மாடுகளுக்கு ஊசி போடலாமே என்பார்கள். எல்லா மாட்டையும் சோதிக்கத் தேவையில்லை. பாரபட்சமில்லாமல் பொறுக்கிய சில மாடுகள் போதும். சாலையோரத் தொழுவங்களிலேயே ரத்தம் எடுத்து வேலையை முடித்தால் மட்டும் அது வீண் செலவுதான். இன்னொரு மறுப்புக்குக் கனம் அதிகம்: எதிர்ப்பொருள் மட்டுமே காப்பு ஆகாது. தோல் கழலை நோயில் ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படாமல் போனாலும், செல்வழி எதிர்ப்பு அதைக் காக்கக்கூடும். கோமாரியிலும், ஊரில் சுற்றும் வைரஸ் தடுப்பூசி வைரஸிலிருந்து விலகிவிட்டால் நல்ல அளவும் கைகொடுக்காது. இரண்டும் பொருந்துகின்றனவா என்று தனியே பார்க்க வேண்டும். ஆகவே இந்தச் சோதனை ஒரு மாட்டுக்குக் கொடுக்கும் உத்தரவாதம் ஆகாது. ஆனால் மந்தையையும், மருந்து வந்த வழியையும் எடைபோட இதைவிட எளிய கருவி நம்மிடம் இல்லை.

மாடுகளின் வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்) ஒழித்த கதையிலும் ரத்தச் சோதனையின் பங்கு பெரிது. இந்தியாவில் அந்நோய் கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், நம் வடஆற்காட்டில். ஊசியை நிறுத்திய பிறகு பிறந்த மாடுகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அது நோய் ஒளிந்திருப்பதற்கான துப்பு. அப்படித் தேடித்தான் 2006-ல் இந்தியாவும் 2011-ல் உலகமும் வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்க முடிந்தது. கோமாரியில் ஊசியை நிறுத்தாமலே நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். தொற்றின்போது வைரஸ் பெருகுகையில் உருவாகும் சில புரதங்கள் சுத்திகரித்த தடுப்பூசியில் இருக்காது. அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால் மாட்டுக்கு நோய் வந்திருக்கிறது.

சேலம் மாவட்டத்துக்கு ஒரே சராசரி போட்டால் சமவெளி மாடுகளின் நல்ல எண் மலை மாடுகளின் மோசமான எண்ணை மூடிவிடும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குத் தனியாகவும் அடிவாரத்துக்குக் கீழே தனியாகவும், மூன்று வகைக்கும் தேறிய விகிதத்தைக் கால்நடை மருந்தகப் பலகையில் எழுதிப் போடலாம். அடுத்த சுற்றுக்கு மாட்டைப் பிடித்து வரும்போது, போன சுற்று என்ன ஆயிற்று என்று வளர்ப்பவர் கேட்க அது போதும்.