ஸ்லைடிங் கேட் ஏன் சாய்கிறது? கார் நிறுத்தும் வீடுகளில் கேட், ஷட்டரை எப்படிக் கவனிப்பது?

வீட்டு வாசலில் விளையாடிய குழந்தை மீது இரும்பு கேட் விழுந்தது என்ற செய்தி தமிழகத்தில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. கேட் 'திடீரென' சரிந்தது என்று அதில் ஒரு வரி இருக்கும். பார்த்தவர்களுக்கு அது திடீர்தான். ஆனால் கேட்டை விழவைத்த குறை அன்றைக்கு வந்ததாக இருக்காது. சில வீடுகளில் கேட் மாட்டிய நாளிலிருந்தே அது இருந்திருக்கும்.

கார் வாங்கியதும் பலரும் செய்யும் வேலை, இரட்டைக் கதவு கேட்டை எடுத்துவிட்டு ஸ்லைடிங் கேட் போடுவது. இடம் மிச்சம், தெருவில் கதவு நீட்டாது. எல்லாம் சரி. ஆனால் அதன் எடையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 12 அடி அகலம், 6 அடி உயரத்தில், 2 மி.மீ. தகடு அடித்த கேட் என்றால் தகடு மட்டுமே சுமார் 105 கிலோ. சட்டம், குறுக்குக் குழாய்கள், சக்கரம், பூட்டு எல்லாம் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டிவிடும். 25 கிலோ அரிசி மூட்டை ஆறு சேர்ந்த எடை இது. டிசைனுக்காக இரண்டு பக்கமும் தகடு அடித்தால் இன்னும் 100 கிலோ கூடும்.

கேட்டைப் பிடித்திருப்பது எது?

இந்த எடை முழுவதும் கீழே ஒரே கோட்டில் ஓடும் இரண்டு சக்கரங்களின் மீது நிற்கிறது. ஸ்டாண்ட் போடாத சைக்கிள் மாதிரிதான். அது பக்கவாட்டில் சாயாமல் இருப்பதற்கு ஒரே காரணம், மேலே தூணிலோ சுவரிலோ பொருத்தியிருக்கும் கைடு ரோலர்கள். கேட்டின் மேல் சட்டம் அந்த ரோலர்களுக்கு நடுவே ஓடும் வரை பிரச்சினை இல்லை. சட்டத்தின் முனை ரோலரை விட்டு வெளியே வந்த நொடியில் கேட்டைப் பிடிக்க எதுவும் கிடையாது.

முனை வெளியே வராமல் தடுக்க வேண்டியது ஸ்டாப்பர். கேட் போகும் இரண்டு கடைசியிலும் இது இருக்க வேண்டும். மூடும் பக்கம் எதிரே தூண் இருப்பதால் கேட் அதில் மோதி நின்றுவிடும். திறக்கும் பக்கம்தான் கோட்டை விடும் இடம். சுவரை ஒட்டிக் கேட் போய்க்கொண்டே இருக்கும். 'எங்கே போயிடப் போகுது' என்று ஸ்டாப்பர் வைக்காமல் விட்டிருப்பார்கள். விருந்தினர் ஒருவர் வேகமாகத் தள்ளினால் போதும்.

தரையில் ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் செய்துவிட்டு அதை ஸ்டாப்பர் என்பவர்களும் உண்டு. அது சக்கரம் ஏறிக் குதிக்க முடியாத உயரத்தில் இருக்க வேண்டும். அதோடு, கேட்டின் மேல் சட்டத்தின் இரு முனையிலும் ஒரு ஆங்கிள் துண்டு இருப்பது நல்லது. கீழே தவறினாலும் மேலே ரோலர் பிராக்கெட்டில் முட்டி நிற்கும். ஒரு பட்டறைக்காரருக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை. கேட் தொழிலில் இதைவிடச் சின்ன வேலை கிடையாது, இதைவிட முக்கியமான வேலையும் கிடையாது.

இறுக்கமாக இருந்தால் இழுக்காதீர்கள்

இரண்டாவது குறை மெதுவாக வருவது. சக்கரத்தின் பேரிங் போகிறது. தண்டவாளத்தில் ஜல்லியும் மண்ணும் சேர்கிறது. கேட் இறுகுகிறது. வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? "கொஞ்சம் வேகமா இழு, வந்துடும்." வரத்தான் செய்யும். ஆனால் அந்த வேகத்தோடு போய் ஸ்டாப்பரில் இடிக்கும். தினமும் நாலு முறை இப்படி இடித்தால் வெல்டிங் விடும், ரோலர் பிராக்கெட்டின் போல்ட் தளரும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதை இழுப்பவர் பெரும்பாலும் வயதான வாட்ச்மேன். 'கேட் டைட்டா இருக்கு சார்' என்று அவர் சொன்னால் அதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று கண்ணில் படாதது. சக்கரம் தேய்கிறது, மழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் இறங்குகிறது. கேட் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வரும். மேலே ரோலர் அதே உயரத்தில்தான் இருக்கும். ஒரு கட்டத்தில் மேல் சட்டம் ரோலரின் கீழ் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும். பிறகு சக்கரத்தில் ஒரு கல் சிக்கினாலே ஆபத்து. மேலே அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம் இது, யாரும் பார்ப்பதில்லை.

சோதிக்க மாதம் பத்து நிமிடம் போதும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டை மெதுவாக இரண்டு கடைசி வரைக்கும் நகர்த்த வேண்டும். எங்கே சிக்குகிறது, எங்கே ஆடுகிறது, கடைசியில் நிற்கிறதா, அப்போது மேல் சட்டம் ரோலருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தண்டவாளத்தைப் பெருக்கி, போல்ட்களில் துருவைப் பார்க்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். ஆயுத பூஜைக்குக் கேட்டைக் கழுவிப் பொட்டு வைக்கும் வீடுகளில் அன்றைக்கே இதையும் பார்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவும் ஆயிற்று.

பேரிங்குக்கு கிரீஸ் போடலாம். தண்டவாளத்தில் கிரீஸ் தடவக் கூடாது, மண் ஒட்டி இன்னும் இறுகும். தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் எண்ணெயை மார்கழிக் காலையில் நம்பிப் பயனில்லை.

கீல் வைத்த சாதாரண கேட்டில் பார்க்க வேண்டியது கீலைவிடத் தூணைத்தான். கேட்டின் எடை தூணை இழுத்துக்கொண்டே இருக்கும். கீல் பதித்த இடத்தில் விரிசல் தெரிந்தால் பூசி மறைக்காமல் கொத்தனாரைக் காட்ட வேண்டும்.

ஷட்டர் வீடுகளில்

தரைத்தளத்தில் ரோலிங் ஷட்டர் போட்டு கார் நிறுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கையால் தூக்கும் ஷட்டரின் எடையைச் சமன் செய்வது மேலே குழாய்க்குள் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். அது சரியாக இருந்தால் ஷட்டர் லேசாக ஏறும். பாதியில் கையைத் தளர்த்தினால் அநேகமாக அங்கேயே நிற்கும். முன்பைவிடக் கனக்கிறது, கையை எடுத்ததும் சடாரென இறங்குகிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. அதற்குப் பிறகு அதன் கீழே நின்று வண்டி எடுப்பது, குனிந்து நுழைவது எல்லாம் நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்கை வீட்டிலேயே கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம். முறுக்கில் இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் கையை உடைத்துவிடும். ஷட்டர் வேலை தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டும்.

மோட்டார் வைத்திருந்தால்?

ரிமோட் வசதி வந்த பிறகு ஒரு புதிய ஆபத்தும் வந்திருக்கிறது. மோட்டாருக்குக் குறுக்கே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அமெரிக்காவில் கராஜ் கதவுகளில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததை அடுத்து 1990-ல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் அங்கே தயாராகும் வீட்டு கராஜ் மோட்டார்களில், யாராவது குறுக்கே இருந்தால் கதவு தானாகத் திரும்பிவிடும் ஏற்பாடு கட்டாயம். தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் கதவின் இரு பக்கமும் சென்சார் வைப்பார்கள், தவழும் குழந்தையும் தப்பாமல் இருக்க. மரக்கட்டையைக் கதவுக்குக் கீழே படுக்க வைத்து, கதவு அதைத் தொட்டதும் திரும்புகிறதா என்று மாதம் ஒருமுறை சோதிக்கச் சொல்கிறார்கள்.

இங்கே மோட்டார் வாங்கும்போது சென்சார் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். 'அது எக்ஸ்ட்ரா சார், தேவைப்படாது' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், கேட் மூடும்போது ஓர் அட்டைப் பெட்டியைக் குறுக்கே நீட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் சரிசெய்யும்வரை ரிமோட்டை எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். கரண்ட் போனால் மோட்டாரை விடுவிக்கும் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தீ விபத்து நேரத்தில் தேட முடியாது.

மோட்டார், தூண் விளக்கு, காலிங் பெல் எதுவானாலும் கேட்டை ஒட்டி வயர் போனால் எர்த் இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். மழையில் நனைந்த இரும்பு கேட்டை முதலில் தொடுவது பால்காரரோ பேப்பர் போடும் பையனோதான்.

கேட் தடம் புரண்டு நின்றுவிட்டால் நாலு பேர் சேர்ந்து தூக்கி மாட்ட முயல்வது வழக்கம். காயம் படுவது அப்போதும்தான். சாயும் பக்கத்தில் யாரும் நிற்காமல், முடிந்தால் கயிற்றால் தூணோடு கட்டிவிட்டு, வெல்டர் வரும்வரை அப்படியே விடலாம். அன்று இரவு கார் வெளியே நிற்கட்டும்.