முழங்காலுக்கும் ஸ்கேனா? குழந்தைகளின் மூட்டுவாதத்தைக் காட்டிக்கொடுக்கும் அல்ட்ராசவுண்டு

'வளர்ற வயசு, கால் வலிக்கத்தான் செய்யும்...', 'எங்கேயாவது விழுந்திருப்பான்...' குழந்தை நொண்டினால் வீட்டில் முதலில் வரும் பேச்சு இதுதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால், வளர்ச்சி வலி மாலையிலோ இரவிலோ இரண்டு கால்களிலும் வரும். விடிந்ததும் பிள்ளை ஓட ஆரம்பித்துவிடும். காலையில் எழுந்ததும் மூட்டு விறைத்து நொண்டி, நேரம் ஆக ஆகச் சரியாகிற பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும்.

16 வயதுக்குள் தொடங்கி, வேறு காரணம் எதுவும் இல்லாமல் குறைந்தது 6 வாரங்கள் நீடிக்கும் மூட்டு அழற்சியை 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்' என்கிறார்கள். பாட்டியின் முட்டித் தேய்மானம் வேறு, இது வேறு. நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருவது.

3 வயதுப் பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. ரத்தப் பரிசோதனை நார்மலாகவே வரலாம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிவதற்குள் மூட்டு பாதிக்கப்பட்டிருக்கும். எம்.ஆர்.ஐ துல்லியமானது, ஆனால், அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுக்க, சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம்.

அல்ட்ராசவுண்டை அம்மா மடியில் உட்கார்ந்தபடியே எடுத்துவிடலாம். வயிற்றுக்கு எடுப்பதுபோலவே ஜில்லென்று கொஞ்சம் ஜெல், அவ்வளவுதான். கதிர்வீச்சு இல்லை. மூட்டில் நீர் கோத்திருக்கிறதா, சவ்வு தடித்திருக்கிறதா என்று தெரியும். 'டாப்ளர்' முறையில், அழற்சியால் ரத்த ஓட்டம் கூடிய இடம் நிறப்புள்ளிகளாக ஒளிரும். வெளியே வீக்கமே தெரியாத மூட்டிலும் இப்படிப் பிடிபடுவதுண்டு. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடும்போது, முனை சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்க்கவும் இது உதவும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. குழந்தையின் எலும்பு முனைகள் இன்னும் குருத்தெலும்புதான். ஸ்கேனில் அது நீர் போலக் கறுப்பாகத் தெரியும். வளரும் எலும்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களும் டாப்ளரில் ஒளிரும். பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டுமே நோய்போலத் தோன்றலாம். அதனால், குழந்தைகளின் மூட்டைப் பார்த்துப் பழகியவர் எடுப்பதே நல்லது. ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யவும் மாட்டார்கள். தாடை மூட்டுக்கும் முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ-தான்.

மூட்டுவாதம் உறுதியானால், கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் கண்ணுக்குள் வரும் அழற்சி பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. கவனிக்காவிட்டால் பார்வையையே பறித்துவிடும்.

இன்னொன்று... டாக்டரைப் பார்க்கிற நேரத்துக்குள் பிள்ளை நன்றாக நடக்க ஆரம்பித்துவிடலாம். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி நொண்டுவதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.