கேப்ரி தீவில் ஷாப்பிங்: பர்ஸைத் திறக்கும் முன் தெரிய வேண்டியவை

இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே உள்ள சின்னத் தீவு கேப்ரி. இங்குள்ள வியா கேமரெல்லே தெரு முழுக்க ஆடம்பர பிராண்டுகளின் கடைகள்தான். விலையைப் பார்த்தாலே தலை சுற்றும்.

இங்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

பிராண்டட் பை மிலானிலும் கிடைக்கும். கேப்ரியின் அடையாளம் தோல் செருப்பு. பிடித்த வார், கற்களை நீங்கள் தேர்வு செய்தால், உங்கள் பாதத்துக்கு ஏற்ப கையாலேயே செய்து தருவார்கள். 1946-ல் தொடங்கிய கான்ஃபோரா கடையின் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஜாக்குலின் கென்னடி.

வரி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள், டாக்ஸ் ஃப்ரீ வசதி உள்ள கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் போதும். 2024 பிப்ரவரிக்கு முன்பு இந்த வரம்பு சுமார் 155 யூரோ. பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி டாக்ஸ் ஃப்ரீ படிவம் கேளுங்க. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும்போது சுங்கத் துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும்.

22% முழுசா வருமா?

வராது. வாட் வரி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். 122 யூரோ பில்லில் வரி 22 யூரோ. அதிலும் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். பொருளைப் பயன்படுத்தியிருக்கவும் கூடாது. புதுச் செருப்பை அங்கேயே மாட்டிக்கொண்டு சுற்றினால் ரீஃபண்டுக்குச் சிக்கல்தான்.

தெருவோரம் 'பிராண்டட்' பை சீப்பா கிடைக்குதே?

தொடாதீங்க. இத்தாலியில் போலி பிராண்டு பொருளை விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் மாட்டுவார். அபராதம் 7,000 யூரோ வரை போகலாம். ஒரிஜினலே வாங்கியிருக்கலாமேன்னு தோணும்!