இவர் தூங்க, அவர் உழைக்க...
சாமைக்கு நாலு கடிகாரம்!

கொல்லிமலையில் காலை மணி 6. சேவல் கூவுகிறது. பெண்கள் அடுப்பு மூட்டுகிறார்கள். அதே நேரத்தில் தென் அமெரிக்காவில் உள்ள பொலிவியா நாட்டில் மணி என்ன தெரியுமா? முந்தின நாள் இரவு 8.30!

இந்த இரண்டு இடங்களும் ஒரே திட்டத்தில் சேர்ந்து வேலை செய்தன.

தோள் வலி

நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போக வேண்டும். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை அங்கே தொன்றுதொட்டு விளைபவை.

மரவள்ளிக் கிழங்கு பரவியதும் இந்தப் பயிர்கள் சுருங்கின. கிழங்குக்குக் கைமேல் காசு கிடைத்தது. சாமையையோ உரலில் குத்தி உமி நீக்க வேண்டும். பெண்களுக்குத் தோள் வலிதான் மிச்சம்!

சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மலைவாழ் மக்களுடன் சேர்ந்து விதை வங்கிகள் அமைத்தது. உமி நீக்கும் எந்திரங்களும் வந்தன. மகளிர் குழுக்கள் சாமை அரிசி விற்றன.

2001-ல் இந்த வேலை ஒரு சர்வதேசத் திட்டத்தில் சேர்ந்தது. ஐ.நா.வின் வேளாண்மை வளர்ச்சி நிதியம் பணம் உதவியது. அப்போது ரோம் நகரை அடுத்து இருந்த தாவர மரபு வள நிறுவனம் முன்னின்று நடத்தியது. நேபாளத்தில் சிறுதானியம். பொலிவியாவில் கினோவா என்ற தானியம். அதன் கசப்பை நீக்குவதும் பெரும்பாடுதான்!

தூக்கத்தில் நடக்கும் வேலை

நேபாளக் கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முந்தி ஓடும். ரோம் நகரக் கடிகாரம் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பிந்தும். பொலிவியாவில் ஒன்பதரை மணி நேரம். கொல்லிமலையில் விளக்கு வைத்த பிறகுதான் அங்கே அலுவலகம் திறக்கும். தினமும் காத்திருந்து பேச முடியுமா?

இதற்கு வழி, எழுத்து. இங்கே மாலை 5 மணிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அங்கே காலை 7.30. அவர்கள் பகலெல்லாம் வேலை பார்த்து, மாலையில் பதில் எழுதலாம். இங்கே விடிந்ததும் பதில் தயார்!

ஆனால் அரைகுறையாக எழுதினால் ஆபத்து. "எந்திரம் ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால், "எந்த எந்திரம்?" என்று கேள்வி வரும். அதில் ஒரு நாள் போகும். "என்ன பழுது?" இன்னொரு நாள்! மழை காத்திருக்குமா? விதைப்புப் பருவம் தவறினால் ஒரு வருடமே போச்சு.

என்ன நடந்தது, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்த ஊர் நேரப்படி? நாலையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட வேண்டும்.

தொம்பை சொல்லும் பாடம்

ஐ.நா. சபை 2013-ஐ கினோவா ஆண்டாகவும், 2023-ஐ சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடியது. மலைத் தானியங்களுக்கு உலகப் புகழ் வந்தது.

கொல்லிமலையில் தானியம் சேர்த்து வைக்கும் குதிருக்குத் தொம்பை என்று பெயர். நிரப்பியவர் ஊரில் இல்லாவிட்டாலும், வீட்டில் உள்ளவர் எடுத்துச் சமைக்கலாம். எழுத்தும் அப்படித்தான். நிறைய வைத்துவிட்டுப் போனால், பின்னால் வருகிறவர் காத்திருக்க வேண்டியதில்லை!