மூச்சுக் காற்றால் அணில் வேட்டை: ஊதுகுழலுக்குள் இருக்கும் அறிவியல்

மாணவர்களே, வீட்டுக் கொய்யா மரத்தில் ஓடும் அணிலே நம் கைக்கு எட்டுவதில்லை. மழைக்காட்டில் அதே அணில் 20 மீட்டருக்கும் மேலே, அடர்ந்த இலைகளுக்கு நடுவே தாவிக்கொண்டிருக்கும். துப்பாக்கி இல்லாமல், ஒரு மூங்கில் குழலையும் மூச்சுக் காற்றையும் கொண்டு அதைக் கீழே விழவைக்க முடியுமா?

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் பல தலைமுறைகளாக இதைச் செய்து வருகிறார்கள். அவர்களில் 18 இனக்குழுக்கள் உண்டு. செமாய், தெமியார், பாத்தேக் போன்ற குழுக்களிடம் ஊதுகுழல் வேட்டை இன்றும் இருக்கிறது. மலாய்மொழியில் இந்தக் கருவியைச் சும்பித்தான் என்பார்கள். இது வெறும் பொழுதுபோக்கு அன்று. வேட்டையில் கிடைப்பது குடும்பத்தின் அன்றைய கறி.

ஏன் அணில்?

மழைக்காட்டில் சூரிய ஒளியின் பெரும்பகுதி மர உச்சிகளிலேயே நின்றுவிடுகிறது. அதனால் இலையும் பூவும் பழமும் அங்கேதான் அதிகம். உணவு இருக்கும் இடத்தில்தானே விலங்கும் இருக்கும்? அணில், குரங்கு, பறவை ஆகியவை மேலேயே வாழ்கின்றன. தரையில் மான் போன்ற பெரிய விலங்கைக் காண்பது அரிது. ஆகவே காட்டில் வாழ்பவருக்குப் புரதம் பெரும்பாலும் தலைக்கு மேலே, சிறு சிறு உருவங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊதுகுழல் அதற்கென்றே அமைந்த கருவி. சத்தம் போடாது, முதல் அம்பு தவறினாலும் விலங்குக் கூட்டம் உடனே கலைந்து ஓடாது.

மூச்சின் வலிமை எவ்வளவு?

குழலின் நீளம் சுமார் 2 மீட்டர். அம்பு, பனை இனத்தைச் சேர்ந்த பெர்த்தாம் மட்டையிலிருந்து சீவிய மெல்லிய குச்சி. அதன் பின்முனையில் இலேசான தக்கை போன்ற கூம்பு இருக்கும். அந்தக் கூம்பு குழலை அடைத்துக்கொள்வதால்தான் காற்று பக்கவாட்டில் கசியாமல் அம்பைத் தள்ளுகிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு பெரியவர் பலமாக ஊதினால் வாயில் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் அழுத்தம் உண்டாகும். இது வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. குழலின் உள்விட்டம் 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அம்பின் மேல் விழும் விசை சுமார் 0.8 நியூட்டன்தான். ஆனால் அந்த விசை 2 மீட்டர் தூரம் முழுவதும் அம்பைத் தள்ளிக்கொண்டே போகிறது. வேலை என்பது விசையைத் தூரத்தால் பெருக்கி வருவது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? 0.8 × 2 = 1.6 ஜூல்.

அம்பின் நிறை 1 கிராம் என்றால், இந்த ஆற்றல் அதற்கு வினாடிக்கு 56 மீட்டர் வேகத்தைத் தரும். அது மணிக்கு 200 கிலோமீட்டர்! உராய்வாலும் காற்றுக் கசிவாலும் உண்மையான வேகம் இதைவிடக் குறையும். ஆனாலும் நீளமான குழல் ஏன் தேவை என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உறிஞ்சுகுழல் ஒன்றை முழுதாகவும் இன்னொன்றைப் பாதியாக வெட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை வாய்ப்பக்கம் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு பலத்தில் ஊதுங்கள். எது அதிகத் தூரம் போகிறது என்று அளந்து எழுதுங்கள். யார் முகத்தையும் நோக்கி ஊதக்கூடாது. குழல் வாயில் இருக்கும்போது மூச்சை உள்ளே இழுக்கவும் கூடாது.

மீதி வேலையைச் செய்வது நஞ்சு

1.6 ஜூல் எவ்வளவு பெரிய ஆற்றல்? அரை கிலோ எடையுள்ள பாடநூல் ஓர் அடி உயரத்திலிருந்து மேசையில் விழும்போது ஏறத்தாழ அவ்வளவு ஆற்றல்தான் வெளிப்படுகிறது. இது அணிலின் தோலைத் துளைக்கும். அதைக் கொல்லப் போதாது. காயம்பட்ட அணில் கிளை கிளையாகத் தாவி மறைந்துவிடும். அதனால்தான் அம்பு முனையில் நஞ்சு பூசப்படுகிறது.

அந்த நஞ்சு ஈப்போ மரத்தின் பாலிலிருந்து கிடைக்கிறது. ஆம், பேராக் மாநிலத் தலைநகருக்குப் பெயர் கொடுத்த அதே மரம்தான். பலா, அத்தி மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. பட்டையைக் கீறினால் வடியும் பாலில் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடு என்னும் வகைப் பொருள்கள் உள்ளன. மரத்தின் அருகே போனாலே சாவு என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கதை பரவியது. அது வெறும் கட்டுக்கதை. நஞ்சு இரத்தத்தில் கலந்தால்தான் ஆபத்து.

இரத்தத்தில் கலந்தபின் என்ன நடக்கிறது? நம் உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் நுண்ணிய இறைப்பான்கள் உள்ளன. ஒவ்வொரு சுற்றிலும் அவை 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவரும். டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோ 1957இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். 1997இல் நோபல் பரிசு பெற்றார். ஈப்போ நஞ்சு இந்த இறைப்பானை அடைத்துவிடுகிறது. இதயத் தசையில் சோடியம் தேங்கும். அதைத் தொடர்ந்து கால்சியமும் தேங்கும். துடிப்பு தாறுமாறாகி, கடைசியில் இதயம் நின்றுபோகும். அணில் போன்ற சிறு விலங்கு சில நிமிடங்களில் பிடி தளர்ந்து கீழே விழும்.

இதே இறைப்பானைத் தொடும் வேறொரு செடிப்பொருள் மருத்துவமனையில் மருந்தாக இருக்கிறது. டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து எடுக்கும் டிகாக்சின், மிகச் சிறிய, அளந்த அளவில் சில இதய நோயாளிகளுக்குத் தரப்படுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே நஞ்சே அளவோடு கொடுத்தால் மருந்தாகிறது.

அப்படியானால் கறியை எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

நல்ல கேள்வி. நஞ்சு இதயத்தை நிறுத்தும் என்றால், அந்த இறைச்சி சாப்பிடுபவரை ஒன்றும் செய்யாதா?

முதலாவது, அம்பு முனையில் இருக்கும் நஞ்சு மிகக் கொஞ்சம். அது அணிலுக்குப் போதும்; பல மடங்கு எடையுள்ள மனிதருக்குப் போதாது. இரண்டாவது, அம்பு தைத்த இடத்துச் சதையை வெட்டி எறிந்துவிடுவார்கள். மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. காயத்தின் வழியே நேராக இரத்தத்தில் சேரும் நஞ்சு, வாய் வழியே போனால் குடலின் சுவரை எளிதில் கடக்காது. வேக வைத்தால் நஞ்சு போய்விடும் என்பது சரியான விளக்கம் அன்று. இந்த நஞ்சே நெருப்பருகே காயவைத்துக் கெட்டியாக்கப்படுவது. சூடு மட்டும் அதை முறித்துவிடும் என்று நம்ப முடியாது.

ஓர் எச்சரிக்கை. நம் கோயில் வளாகங்களில் பூக்கும் அரளியிலும் இதே வகை கிளைக்கோசைடு உண்டு. ஆனால் அரளியின் நஞ்சு குடல் வழியாகவே இரத்தத்தில் சேரும். அதைத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். ஒரே குடும்பத்து வேதிப்பொருள்கள் என்பதால் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எண்ணிவிடாதீர்கள்.

காடு இல்லாமல் குழல் இல்லை

இந்த வேட்டைக்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கணுவுக்குக் கணு மிக நீளமாக வளரும் மூங்கில், அம்புக்குப் பெர்த்தாம், நஞ்சுக்கு ஈப்போ மரம், மரம் விட்டு மரம் தாவ உயர்ந்த கிளைகள், அவற்றில் அணில்கள். இவற்றில் ஒன்றும் கடையில் கிடைக்காது. நம் தோட்டத்தில் காணும் வாழை அணில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் பிழைத்துக்கொள்ளும். பெரிய காட்டு அணில்களுக்கு உயரமான, தொடர்ச்சியான காடு வேண்டும். காட்டை அழித்துத் தோட்டம் போட்டால், வேட்டைக்காரர் இழப்பது இறைச்சியை மட்டுமல்ல, கருவியையும் சேர்த்து இழக்கிறார்.

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பட்டியலிட்ட சில விலங்குகளைத் தம் குடும்ப உணவுக்காக வேட்டையாட ஓராங் அஸ்லி மக்களுக்கு இடம் தருகிறது. விற்பதற்கு இடமில்லை. தின்பதற்கு மட்டும் வேட்டையாடினால் எத்தனை விலங்கு வேண்டும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு; சந்தைக்காக வேட்டையாடினால் அந்த எல்லை காணாமல் போய்விடும்.

ஊதுகுழலைப் பழங்கால ஆயுதம் என்று அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அழுத்தம், ஆற்றல், நஞ்சின் அளவு, உடலுக்குள் அது செல்லும் வழி ஆகிய நான்கையும் பாடநூல் இல்லாமலே, பார்த்தும் செய்தும் அறிந்துகொண்டவர்கள் இதை உருவாக்கினார்கள். எந்த மரத்தின் பால் வீரியமானது, எந்த மூங்கில் நேராக இருக்கும் என்பதெல்லாம் தாத்தாவிடமிருந்து பேரனுக்குக் காட்டில் நடந்தபடியே போய்ச் சேரும் அறிவு. நடப்பதற்குக் காடு இருக்கும்வரைதான் அதைக் கற்றுக்கொடுக்க முடியும்.