ஆர்எஸ்எஸ் முகவரி எங்கே இருக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்கு ஷிப்ட் வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, எச்சரிக்கையைத் தேடி ஒவ்வொரு இணைய தளமாகத் திறந்து திறந்து அலுத்துவிட்டேன். நாம் தேடிப் போகாமல் செய்தி நம்மிடம் வர ஆர்எஸ்எஸ் என்ற வசதி உண்டு. தளத்தில் புதிதாக எது வந்தாலும் அதன் தலைப்பும் லிங்க்கும் ஒரு சிறு பைலில் பதிவாகும். அந்த பைலின் முகவரியை ரீடர் புரோகிராமில் கொடுத்துவிட்டால், அதுவே அவ்வப்போது பார்த்துச் சொல்லும்.

முகவரியைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். பயர்பாக்ஸ் பிரவுசரில் முன்பு இதற்கென்றே வசதி இருந்தது; 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இப்போது இப்படிச் செய்யுங்கள். தளத்தைத் திறந்து கண்ட்ரோல் + யு அழுத்துங்கள். புரியாத வரிகளாக ஒரு பக்கம் விரியும். பயப்படாதீர்கள், எதுவும் கெட்டுப் போகாது. கண்ட்ரோல் + எஃப் அழுத்தி, ஆர்எஸ்எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். கிடைக்கும் வரியில் ஹெச்ரெஃப் என்பதை அடுத்து மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதுதான் முகவரி. வேர்ட்பிரஸ் தளம் என்றால் பெரும்பாலும், தள முகவரியின் கடைசியில் சாய்வுக் கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்தாலே போதும்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' எச்சரிக்கைத் தளம் ஆர்எஸ்எஸ் தருகிறது. அதை தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் புரோகிராமில் சேர்த்திருக்கிறேன். மழை நாளில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் கம்ப்யூட்டரை ஆன் செய்து முதலில் பார்ப்பது அதைத்தான்.